நம்பர் ஒன் வக்கீல் வேண்டும்!

காலி செய்த வீட்டின் அட்வான்ஸ் 80,000 ரூபாயை ஓனர் தரவில்லை. "சுவத்துல ஆணி அடிச்சிருக்கீங்களே தம்பி!" என்றார். காலண்டருக்கு ஒன்று, சாமி படத்துக்கு ஒன்று, மொத்தம் இரண்டு ஆணி. ஆக, ஆணி ஒன்றுக்கு 40,000!

சரி, கோர்ட்டுக்குப் போய்விடுவோம் என்று கிளம்பினால், எந்த வக்கீலிடம் போவது? மிக்ஸி வாங்க விளம்பரம் பார்க்கலாம். வக்கீலுக்கு அது நடக்காது ஸார். பார் கவுன்சில் விதி 36-ன்படி வக்கீல்கள் விளம்பரமே செய்யக்கூடாது. வாசல் போர்டுகூட நியாயமான சைஸில்தான் இருக்க வேண்டும். 'இந்த ரக கேஸில் கில்லாடி' என்று அதில் எழுதக்கூடாது. 2008-ல் கொஞ்சம் இறங்கி வந்து, வெப்சைட்டில் பெயர், விலாசம், படிப்பு, எந்தத் துறை என்று மட்டும் போட்டுக்கொள்ள அனுமதித்தார்கள். வக்கீல்களுக்கு ரேங்க் போட்டு ஆள் பிடித்துத் தரும் ஆன்லைன் கம்பெனிகள் விவகாரத்தில், 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பிடி பிடித்தது. வக்கீல் தொழில் சேவை, வியாபாரம் அல்ல என்றது.

அடியேன் பி.காம். வியாபாரம் இல்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் கணக்குப் பார்க்கத் தோன்றும். ரேங்க்கை நானே போட்டுவிட்டால் போகிறது என்று இ-கோர்ட்ஸ் ஆப்பைத் திறந்தேன். வக்கீல் பெயரை அடித்தால் அவருடைய கேஸ்கள் வரிசையாக வரும். எந்தெந்தத் தேதியில் விசாரணைக்கு வந்தது என்பதும் இருக்கும். ஆபீஸில் சிபாரிசு செய்யப்பட்ட மூன்று வக்கீல்களின் ஆஜர் கணக்கைக் கூட்டினேன். ஒருவர் மட்டும் மற்ற இருவரையும் சேர்த்தால் வருவதைவிட அதிகம். ஆஹா, இவர்தான் ஆள்!

பக்கத்து ஸீட் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, வாய்தா வாங்கினாலும் ஆஜர்தானே?"

பேனா நின்றுவிட்டது. திரும்பப் பார்த்தால், ஒரே கேஸ் 14 தடவை வந்திருக்கிறது. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 17-ல் இருக்கிறது. இருக்கிறது, அவ்வளவுதான். பாவம், வாய்தா கேட்டது எதிர்த்தரப்பாகவும் இருக்கலாம், ஜட்ஜ் லீவாகவும் இருக்கலாம். என் கூட்டலில் அதெல்லாம் தெரியாது. இன்னொரு கூத்து: 'சீனியர் அட்வகேட்' அந்தஸ்து பெற்றவர்கள் வக்காலத்தே தாக்கல் செய்யக்கூடாது. வக்காலத்தை வைத்து எண்ணினால் அவர்களுக்கு முட்டை மார்க்!

கடைசி ரேங்க்காரரிடம் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஆபீஸ்.

"அட்வான்ஸ் செக்கா, கேஷா?"

"செக் ஸார்."

"அக்ரிமெண்ட்?"

"இருக்கு."

"சாவி கொடுத்ததுக்கு அத்தாட்சி?"

ஓனரே 'சாவி வந்தது' என்று அனுப்பிய வாட்ஸ்அப்பைக் காட்டினேன். முதல் தடவையாகச் சிரித்தார்.

"கேஸ் இப்ப வேண்டாம். நோட்டீஸ் விடுவோம். பதினஞ்சு நாள் டயம்."

பன்னிரண்டாம் நாள் ஓனரே போன் செய்தார். "கோர்ட்டெல்லாம் எதுக்குத் தம்பி? வெள்ளையடிக்க 2,000 பிடிச்சுக்கறேன்." 78,000 வந்து சேர்ந்தது. வக்கீல் 3,000 ரூபாய் ஃபீஸ் வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தார். என் பட்டியலில் அவர் கணக்கில் ஏற்ற ஒரு ஆஜர்கூட இல்லை.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். ஓனர் வெள்ளையடிக்கவில்லை. என் ஆணியில் புதுக் குடித்தனக்காரரின் காலண்டர் தொங்கிக்கொண்டிருக்கிறது.