டெகுவின் பல்லும் மூச்சும்: ஒரு நோயின் தோற்றமும் மூலமும்

தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குரிய சிறு விலங்கொன்றுக்கு வீட்டு வளர்ப்பில் ஏற்படும் பல்நோயையும் மூக்குநோயையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இலக்கியம் பயில்வோர் இத்தகைய பொருளில் கைவைப்பது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயின் ஒரு நோய் எவ்வாறு விளக்கப்படுகிறது என்னும் வினா மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. வெளித்தெரியும் அறிகுறியையே மூலமாகக் கொள்ளும் பிழை இலக்கிய விமர்சனத்திலும் உண்டு, சமூக ஆய்விலும் உண்டு, மருத்துவத்திலும் உண்டு. டெகு எனப்படும் இவ்விலங்கின் நோய் அப்பிழையையும் அதன் விளைவையும் தெளிவாகக் காட்டுவது. அதனாலேயே அதனை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

1. பெயரும் பிறப்பிடமும்

மத்திய சிலியின் புதர்நிலங்களிலும் அந்தீஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவுகளிலும் டெகுக்கள் கூட்டமாக வாழ்கின்றன. வளர்ந்த டெகு ஏறத்தாழ 170 முதல் 300 கிராம் வரை நிறையுடையது. அது பகலில் இயங்குவது. வளை தோண்டி வாழ்வது. பெண் விலங்குகள் சில ஒரே வளையில் தம் குட்டிகளைச் சேர்ந்து வளர்ப்பதும் உண்டு. பார்வைக்கு எலியை ஒத்திருப்பினும், உறவுமுறையில் இது கினிப்பன்றிக்கும் சின்சில்லாவுக்கும் நெருங்கியது.

டெகு என்னும் பெயர் மப்பூச்சே மக்களின் மொழியிலிருந்து வந்தது. ஐரோப்பிய விஞ்ஞான உலகுக்கு இவ்விலங்கை அறிமுகப்படுத்தியவர் சிலியிற் பிறந்த இயேசுசபைத் துறவி ஹுவான் இக்னாசியோ மொலினா ஆவார். ஸ்பானிய முடியாட்சி 1767இல் இயேசுசபையினரைத் தனது ஆட்சிப்புலங்களிலிருந்து வெளியேற்ற ஆணையிட்டது. அதனால் நாடிழந்து இத்தாலி சென்ற மொலினா, சிலியின் இயற்கை வரலாறு பற்றி 1782இல் பொலோஞா நகரில் வெளியிட்ட நூலில் இதனை ஓர் அணிலாகக் கருதிப் பெயரிட்டார். பின்னரே இதற்கு 'ஒக்டோடொன்' என்னும் பேரினப் பெயர் நிலைத்தது. கிரேக்க மொழியில் இதன் பொருள் 'எட்டுப்பல்' என்பதாகும். டெகுவுக்கு எட்டுப் பற்கள் மட்டுமே உண்டு என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அதற்கு இருபது பற்கள் உள்ளன. அதன் கடைவாய்ப் பற்களின் அரைக்கும் பரப்பு 8 என்னும் இலக்கத்தின் வடிவில் அமைந்திருப்பதே இப்பெயருக்குக் காரணம். இவ்விலங்கின் விஞ்ஞானப் பெயர் அதன் பல்லைக் கொண்டே அமைந்தது. வீட்டு வளர்ப்பில் அதனை வருத்தும் நோயும் அப்பல்லிலேயே தொடங்குகிறது.

2. வளர்ச்சியும் தேய்வும்

மனிதருடைய நிரந்தரப் பல் ஒருமுறை முளைத்து வளர்ந்தபின் நின்றுவிடுவது. டெகுவின் பற்கள் அத்தகையன அல்ல. முன்னேயுள்ள நான்கு வெட்டும் பற்களும், பின்னேயுள்ள பதினாறு கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு முடிவுற்ற வேர் இல்லை. எலும்பினுள் அமைந்த அடிமுனையில் புதிய பல்லிழையம் ஓயாது உருவாகிறது; வாயினுள் அமைந்த மேற்பரப்பு ஓயாது தேய்கிறது.

இப்பல்லின் வடிவம் ஒன்றுக்கொன்று எதிரான இரு இயக்கங்களின் சமநிலையாகும். சிலியின் புதர்நிலத்திலே டெகு புல்லையும் இலையையும் பட்டையையும் விதையையும் உண்கிறது. புல்லிலுள்ள சிலிக்காவும் நார்ப்பொருளும் நீண்டநேரம் அரைக்கப்பட வேண்டியவை. அவ்வரைத்தலே பல்லைத் தேய்க்கிறது. தேய்வு குன்றின் வளர்ச்சி நின்றுவிடுவதில்லை; அது தொடர்கிறது. உயிரைப் பேணிய அதே வளர்ச்சி இப்போது உயிருக்கு ஊறுசெய்யும் சக்தியாக மாறுகிறது. ஒரு பண்பு தான் தோன்றிய சூழலினின்றும் பிரிக்கப்படும்போது தனக்கு எதிராகவே திரும்புவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

3. பல்லிலிருந்து மூக்குக்கு

தேயாத கடைவாய்ப் பல் முதலில் வாயினுள் நீளுகிறது. அதன் ஓரங்களில் கூர்முனைகள் தோன்றி நாவையும் கன்னத்தையும் புண்படுத்துகின்றன. ஆயின் வாயினுள் இடம் சிறிது. எதிரெதிரான பற்கள் ஒன்றையொன்று அழுத்தும்போது, வளர்ச்சி எலும்பின் பக்கமாகத் திரும்புகிறது. கீழ்ப்பற்களின் அடிமுனைகள் தாடையெலும்பின் கீழ்விளிம்பைத் தள்ளுகின்றன. விரலால் தடவிப் பார்க்கும்போது அவ்விடத்தில் சிறு புடைப்புகள் தட்டுப்படும். மேற்பற்களின் அடிமுனைகள் கண்குழியின் பக்கமாகவும் மூக்குக்குழியின் பக்கமாகவும் நகர்கின்றன. கண்ணில் நீர் வடிதலும் மூச்சில் இரைச்சல் எழுதலும் இதனால் நேர்பவை.

மேல் வெட்டும் பற்களில் நிகழ்வது இன்னும் கொடியது. பல் வெளிவருதல் தடைப்பட்ட நிலையிலும் அடிமுனையில் பல்லிழையம் உருவாவது தொடர்ந்தால், அவ்விழையம் மடிந்து திரண்டு ஒழுங்கற்ற கட்டியாகிறது. இதனைப் போலிப் பற்கட்டி என்பர். மேல் வெட்டும் பல்லின் அடிமுனை மூக்கறைக்கு மிக அண்மையில் அமைந்திருப்பதால், இக்கட்டி மூச்சுவழியை அடைத்துவிடுகிறது. கூண்டின் கம்பிகளைத் தொடர்ந்து கடித்தல், பல்லை வெட்டுங்கருவியால் நறுக்குதல் முதலியவற்றால் ஏற்படும் தாக்கங்களும் இத்தகைய திரிபுக்குக் காரணமாகக் கூறப்படுகின்றன.

மூக்கடைப்பு மனிதருக்குச் சிறு தொல்லை. டெகுவுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதன் தொண்டையமைப்பு மூக்கினால் மூச்சுவிடுவதற்கென்றே அமைந்தது. மூக்கு அடைபட்ட டெகு வாயைத் திறந்து மூச்சுக்குப் போராடுகிறது, காற்றை விழுங்குகிறது, வயிறு உப்புகிறது, உண்ண முடியாது மெலிகிறது.

இங்கேயே விளக்கத்தின் பிழை புகுந்துகொள்கிறது. தும்மலையும் மூச்சிரைப்பையும் கண்ணுறும் வளர்ப்பவர் இதனைத் தடிமன் என எண்ணுகிறார். கிருமித்தொற்றுக்கு எதிரான மருந்து கொடுக்கப்படுகிறது. சில நாட்கள் சிறிது தணிவு தெரிகிறது. மீண்டும் இரைச்சல் எழுகிறது. டெகுவுக்கு உண்மையான சுவாசத் தொற்றும் ஏற்படுவதுண்டு. உலர்புல்லின் தூசியும், பிசின்மிக்க மரத்தூளும் மூக்கை உறுத்துவதும் உண்டு. ஆகவே மூக்கு நோய்கள் யாவும் பல்நோயே என்று கூறுதல் எதிர்ப்புறப் பிழையாகிவிடும். எனினும், திரும்பத் திரும்ப வரும் மூச்சிரைப்பில் பல்லை ஆராயாது மூக்குக்கு மட்டும் மருந்து கொடுப்பது, நோய் காணப்படும் இடத்தையே நோயின் மூலமாகக் கொள்வதாகும்.

4. உணவும் பண்டமும்

பல்லே மூலம் என்று நிறுவியதுடன் விளக்கம் முடிந்துவிடுகிறதா? பல் ஏன் தேயவில்லை என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

செக் நாட்டின் புருனோ நகரைச் சேர்ந்த மிருக வைத்திய ஆய்வாளர்கள், வளர்ப்பு டெகுக்கள் 300இன் நோய்களைத் தொகுத்து 2011இல் வெளியிட்டனர். அவற்றுள் பிற்காலத்தில் ஏற்பட்ட பல்நோய் 60 சதவீதமானவற்றில் காணப்பட்டது. இரண்டு வயதைக் கடந்தவற்றிலே அது கூடுதலாக இருந்தது. இவை வைத்தியரிடம் கொண்டுவரப்பட்ட விலங்குகள் என்பதனால், வளர்ப்பு டெகுக்கள் அனைத்துக்கும் இதே விகிதம் பொருந்துமெனக் கூறலாகாது. ஆயினும் பல்நோய் இங்கும் அங்கும் நேரும் விபத்தன்று என்பதை இத்தொகை புலப்படுத்துகிறது. இதே ஆய்வுக் குழுவினர் 2011இல் வெளியிட்ட பரிசோதனை, உணவிலுள்ள கனிப்பொருள்களின் விகிதமும் கடைவாய்ப் பற்களின் நீட்சியைப் பாதிக்கும் என்பதைக் காட்டியது. பொசுபரசு மிகுந்து, கல்சியம் அதற்கேற்ற அளவில் இல்லாத உணவு பல்லையும் தாடையையும் கெடுக்கிறது. கல்சியம் பொசுபரசைப் போல் ஒன்றரை முதல் இரு மடங்காக இருப்பது நன்றெனக் கொள்ளப்படுகிறது. தானியங்களிலும் சூரியகாந்தி விதை போன்றவற்றிலும் இவ்விகிதம் தலைகீழாக உள்ளது.

சிறு விலங்குகளுக்கென விற்கப்படும் கலப்பு உணவுகளை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். பல நிறத் துண்டுகளும் விதைகளும் உலர்பழமும் கலந்த பொதிகள் கடைகளில் வைக்கப்படுகின்றன. டெகு அவற்றுள் விதையையும் இனிப்பையும் பொறுக்கியுண்டு நார்ப்பொருளை விட்டுவிடுகிறது. அவ்வுணவை வாங்குபவர் ஒருவர். உண்பது வேறோர் உயிர். எனவே பொதியின் நிறமும் கவர்ச்சியும் வாங்குபவரின் கண்ணுக்கென அமைகின்றன. உண்ணும் உயிரின் பல்லுக்கென அமைவதில்லை. பயன்மதிப்பு பரிமாற்ற மதிப்புக்குக் கீழ்ப்படும் நிலை இங்கே பல்லின் நீளமாக அளந்தறியத்தக்கதாகிறது. அன்றியும் டெகுவின் இன்சுலின் பிற பாலூட்டிகளினதிலிருந்து வேறுபட்டது. சர்க்கரை மிகுந்த உணவு அதற்கு நீரிழிவையும் கண்புரையையும் எளிதில் வருவிக்கும்.

டெகுவே விற்பனைப் பண்டமாக இருப்பது இரண்டாவது காரணி. கூட்டமாக வாழும் விலங்கு தனியாகக் கூண்டில் அடைக்கப்படும்போது கம்பியைக் கடிக்கிறது. சிகிச்சைச் செலவு விலங்கின் விலையைப் பன்மடங்கு விஞ்சுகிறது. விலையைக் கொண்டு உயிரின் மதிப்பைக் கணிக்கும் சமூகத்தில், சிகிச்சையைத் தள்ளிப்போடுவது தனிமனிதரின் கொடுமையாக இருப்பதில்லை. அது பெரும்பாலும் கணக்கின் நிர்ப்பந்தமாகவே இருக்கிறது. வளர்ப்பவரைக் குற்றஞ்சாட்டுவதுடன் அமைதிகாண்பது ஆய்வாகாது.

இயற்கையை இலட்சியப்படுத்துவதும் எமது நோக்கமன்று. வனத்தில் பெரும்பாலான டெகுக்கள் ஓரிரு ஆண்டுகளில் மடிந்துவிடுகின்றன. வளர்ப்பில் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழ்கின்றன. நீண்ட ஆயுளே நோய் வெளிப்படுவதற்குக் காலம் அளிக்கிறது. பரம்பரைக் காரணிகளுக்கும் இதில் பங்குண்டு. எனினும் இவற்றுள் மனிதர் உடனே மாற்றக்கூடியவை உணவும் வாழ்நிலையுமே.

5. இனங்காணலும் சிகிச்சையும்

டெகு தன் நோவை மறைக்கும் விலங்கு. பசியின்றி விலகுவதும், பசித்தும் உண்ண முடியாது விலகுவதும் வேறுவேறு. உணவை நாடி வந்து, வாயில் எடுத்துக் கீழே போடும் டெகு பெரும்பாலும் பல்லில் நோவுடையது. நாடி நனைந்திருத்தல், கடினமான உலர்புல்லை விட்டு மென்மையானதைத் தேடல், கண்ணில் நீர், மூச்சில் இரைச்சல் ஆகியவை பிற அறிகுறிகள். வளர்ந்த டெகுவின் வெட்டும் பல் முன்புறத்தில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறமுடையது. அந்நிறம் வெளிறுதல் உடல்நிலை குன்றியதைக் காட்டலாம். இவையனைத்தினும் முந்திய அறிகுறி நிறைக்குறைவு. வாரம் ஒருமுறை சிறு தராசில் நிறுத்துக் குறித்துவைப்பவர், கண்ணுக்குத் தெரியாத நோயை எண்ணில் காண்பர்.

டெகுவின் வாய் ஒடுக்கமானது. விழித்திருக்கும் நிலையில் பின்பற்களைச் சரிவரப் பார்த்தல் இயலாது. மயக்கமருந்து கொடுத்து வாயை ஆராய்வதும், தலையை எக்ஸ் கதிர்ப் படமெடுப்பதும் அவசியம். எலும்பினுள் நிகழும் நீட்சியைப் படமே காட்டும். வாய்ப்புள்ள இடங்களில் கணினிவழிக் குறுக்குவெட்டுப் படம் மூக்கறையின் நிலையை மேலும் தெளிவாக்கும்.

நீண்ட பல்லைச் சுழலும் அராவற் கருவியால் குறைத்தலே முறை. நறுக்குதல் பல்லை நெடுக்காகப் பிளக்கும், அடிமுனையையும் ஊறுபடுத்தும். நோவுதணிக்கும் மருந்தும், அரைத்த நார் உணவை நீரில் குழைத்து ஊசியற்ற சிரிஞ்சினால் ஊட்டுவதும் சிகிச்சையின் பிரிக்கமுடியாத பகுதிகள். நுண்ணுயிர்கொல்லி தேவைப்படின் மிருக வைத்தியரே அதனைத் தெரிதல் வேண்டும். பென்சிலின் வகை மருந்துகளை வாயினால் கொடுப்பது இவ்வின விலங்குகளின் குடலிலுள்ள பயன்தரு நுண்ணுயிர்களை அழித்து மரணத்தையும் விளைவிக்கக்கூடும். பல்லைக் குறைத்தல் பெரும்பாலும் ஒருமுறையுடன் முடிவதில்லை. குறித்த கால இடைவெளிகளில் அது திரும்பச் செய்யப்படவேண்டும்.

போலிப் பற்கட்டி மூக்கை அடைத்த நிலையில் தெரிவுகள் குறுகிவிடுகின்றன. திரிந்த பல்லைப் பிடுங்குதல் கடினம். அது எலும்புடன் இறுகியிருப்பதும் பிடுங்கும்போது முறிவதும் உண்டு. மூக்கெலும்பைத் திறந்து வழியமைக்கும் சத்திரசிகிச்சை அனுபவம் மிக்கோராலேயே செய்யத்தக்கது; செய்தாலும் வெற்றி உறுதியன்று. அழற்சியைத் தணிக்கும் மருந்தினால் சிறிதுகாலம் நிம்மதி அளிக்கலாம். அதுவும் இயலாதபோது நோவின்றி உயிரை முடித்துவைப்பதே எஞ்சிய இரக்கமாகிறது. மூச்சின் இரைச்சல் கேட்கும்போது பல்லின் மாற்றம் பலகாலம் முன்னரே தொடங்கியிருக்கும் என்பதை மறக்கலாகாது.

ஆகவே தடுப்பே முதன்மையானது. எந்நேரமும் கிடைக்கும் தூசியற்ற நல்ல உலர்புல், அளவான நார்மிகு திண்ம உணவு, விதையும் பழமும் விலக்கல், கடிப்பதற்கு நஞ்சற்ற மரக்கிளைகள், ஓடுவதற்கு இடம், தன்னினத்துத் துணை ஆகியவையே அதன் உள்ளடக்கம்.

தொகுத்து நோக்குமிடத்து, மூக்கில் காணப்பட்ட நோய் பல்லுக்கும், பல்லின் நோய் உணவுக்கும், உணவின் குறை அதனை உற்பத்திசெய்து விற்கும் உறவுகளுக்கும் எம்மை இட்டுச் சென்றதைக் காண்கிறோம். இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியை அறிவதனால் முதற் கண்ணியிலுள்ள விலங்கின் மூச்சுத் திணறல் உடனே தீர்ந்துவிடாது. அதற்கு மருந்தும் கருவியும் பயின்ற கையும் வேண்டும். முதற் கண்ணியுடன் நின்றுவிடும் சிகிச்சையோ நோயாளியை மாற்றி மாற்றிச் சந்தித்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒருங்கே செய்வதே பயனுள்ள வைத்தியம். அது ஒரு கைப்பிடி உலர்புல்லிலும், வாரம் ஒருமுறை தராசைப் பார்ப்பதிலும் தொடங்கக்கூடியது.