கடல்வழிச் சரக்கும் நம் சங்கங்களும்

சங்கங்களின் கணக்கேடுகளைப் பரிசீலிக்கச் செல்லும் நாம், ஒவ்வொரு செலவினத்தின் முன்னும் நின்று காரணம் கேட்பது வழக்கம். எழுதுபொருட் செலவு ஏன் கூடிற்று, இருப்பில் எடைக் குறைவு எவ்வாறு நேர்ந்தது, காரியதரிசியின் பயணப்படிக்கு ரசீது எங்கே என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கின்றோம். ஆனால் 'லாரி வாடகை' என்ற தலைப்பு வந்ததும் நம் பேனா தானாகவே ஒரு சரிக்குறி இட்டுவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறது. சரக்கு சந்தைக்குப் போயாக வேண்டும். லாரிக்காரர் கேட்பதைக் கொடுத்தாக வேண்டும். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணமே காரணம். விளைபொருள் விற்பனைச் சங்கங்கள் சிலவற்றில் இந்த ஒரு தலைப்பே பிற செலவுகளையெல்லாம் விழுங்கி நிற்பதைக் கண்ட பின்னர்தான், சாலைக்குத் துணையாகக் கடல் பயன்படுமா என்று ஆராயத் தலைப்பட்டோம்.

அவ்வாறு ஆராயத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. தென் மாவட்டங்களில் ஒரு சங்கம், பெயர் வேண்டா. சில ஆண்டுகளுக்கு முன், மாலத்தீவுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரி ஒருவர் மூலம் அங்கத்தினர்களின் சின்ன வெங்காயத்தைத் தோணியில் ஏற்றி அனுப்புவதென்று அதன் நிர்வாகக் குழு தீர்மானித்தது. மூட்டைகள் துறைமுகம் போய்ச் சேர்ந்தன. தோணியோ நிறையவில்லை. வேறு சரக்கு வரட்டும் என்று காத்திருந்தது. நாள்கள் சென்றன, இடையே ஒரு மழையும் பெய்தது. மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது பாதி முளைவிட்டிருந்தது. எஞ்சியதிலும் ஒரு பகுதி அழுகியிருந்தது. அவ்வாண்டு அங்கத்தினர்களுக்கு லாபப் பங்கு இல்லை. அடுத்த பொதுப் பேரவையில் நிர்வாகக் குழுவே மாறிற்று. கடல் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்ற உறுதி மட்டும் அச்சங்கத்தில் நிலைத்துவிட்டது. குற்றம் உண்மையில் கடலினுடையதுதானா?

கடல் வழி மலிவானது என்பதில் ஐயமில்லை. நீர்வழிப் போக்குவரத்தைப் பற்றிய நம் அரசு வெளியீடுகள் திரும்பத் திரும்பக் காட்டும் கணக்கொன்று உண்டு. ஒரு லிட்டர் எரிபொருளைக் கொண்டு ஒரு டன் சரக்கைச் சாலையில் 24 கிலோமீட்டரும், இருப்புப் பாதையில் 85 கிலோமீட்டரும், நீரில் 105 கிலோமீட்டரும் கொண்டுசெல்லலாம் என்பதே அது. சுமையை நீரே தாங்கிக்கொள்கிறது. பாதை போடும் செலவும் இல்லை. தமிழ்நாட்டிற்கோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரை உண்டு. சென்னை, எண்ணூர், தூத்துக்குடி ஆகிய மூன்று பெருந்துறைமுகங்களும் உண்டு. அவ்வாறிருந்தும், நாடு முழுவதும் இடம்பெயரும் உள்நாட்டுச் சரக்கில் கரையோரக் கப்பல்கள் சுமப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

காரணம் கப்பலில் இல்லை. கப்பலுக்கு முன்னும் பின்னும் இருக்கிறது. லாரியில் அனுப்பினால் சங்கக் கிடங்கில் ஒருமுறை ஏற்றுகிறோம். கடை வாசலில் ஒருமுறை இறக்குகிறோம். கப்பலில் அனுப்பினால் துறைமுகத்தில் இறக்க வேண்டும், கப்பலில் ஏற்ற வேண்டும், மறுகரையில் இறக்க வேண்டும், மீண்டும் லாரியில் ஏற்ற வேண்டும். இந்த நான்கு கைமாற்றத்திற்கும் கூலி உண்டு; சிதறலும் சேதமும் உண்டு. கடலில் மிச்சமாகும் தொகை இந்தக் கூலியை ஈடுசெய்யும் அளவிற்குத் தொலைவு இருந்தால்தான் ஆதாயம். தூத்துக்குடியிலிருந்து திருவனந்தபுரத்திற்கு வெங்காயம் அனுப்பக் கடலை நாடுவது வீண்வேலை என்றே நாம் கருதுகிறோம். ஓர் இரவில் லாரி போய்விடும். குசராத்திற்கோ வங்கத்திற்கோ அனுப்புவது வேறு கதை; தீவுகளுக்கு அனுப்புவதானால் வேறு வழியே இல்லை.

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்திற்குச் சென்றவர்கள் தோணிகளைப் பார்த்திருப்பார்கள். புதிய துறைமுகம் அமைவதற்கு முன், கரையருகே ஆழம் போதாமையால் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பருத்திப் பேல்களையும் மூட்டைகளையும் கரைக்கும் கப்பலுக்கும் இடையே சுமந்தவை இத்தோணிகளே. 1974-ம் ஆண்டில் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. கப்பல்கள் நேரே துறையில் வந்து கட்டத் தொடங்கியபின் அந்த வேலை அற்றுப்போயினும், தோணிகள் மறைந்துவிடவில்லை. மாலத்தீவுக்கும் பிற தீவுகளுக்கும் காய்கறி, வெங்காயம், அரிசி, சிமெண்டு, செங்கல் முதலியவற்றைச் சுமந்து ஓடலாயின. இன்று இயந்திரம் பொருத்தப்பெற்றிருப்பினும் பாய்மரத்தை அவை முற்றிலும் கைவிடவில்லை. இருநூறு முதல் நானூறு டன் வரை ஏற்றும் இம்மரக்கலங்களைத் தச்சர்கள் தம் கைப்பழக்கத்தாலேயே கட்டுகிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று வலுத்துவிட்டால் ஓட்டம் நிற்கும்; காற்றடங்கிய பின்னரே மீண்டும் தொடங்கும்.

தண்டலின் நிலையிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். முந்நூறு டன் என்றால், லாரிக்குப் பத்து டன் என்று வைத்துக்கொண்டாலும், முப்பது லாரிச் சரக்கு. மாலத்தீவில் விளைவது தேங்காயும் கடல் தருவது மீனுமே ஆதலால், திரும்பும் வழியில் தோணி நிறையச் சரக்கு கிடைப்பதரிது. ஆகவே போகும் சரக்கின் கூலியிலேயே வரும் செலவும் அடங்க வேண்டும். பாதித் தோணியோடு புறப்பட்டால் மாலுமிகளின் சம்பளத்தைக் கைப்பொருளிலிருந்து கொடுக்க நேரிடும். அவர் காத்திருந்தது பேராசையால் அன்று. ஒரு சங்கம் மூன்று லாரி வெங்காயத்தை இறக்கிவிட்டு, எஞ்சிய இருபத்தேழு லாரிச் சரக்கை ஊழ்வினையின் பொறுப்பில் விட்டுவிட்டதுதான் அங்கே நிகழ்ந்த தவறு.

கப்பலை நிரப்பும் இந்தச் சங்கடம் நம் நாட்டிற்குப் புதிதன்று. வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-ம் ஆண்டில் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பற் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது 1904-ல். இரண்டு ஆண்டு இடைவெளியில் தோன்றிய இவ்விரண்டும், பலருடைய சிறு தொகைகளைத் திரட்டியே பெருங்காரியம் செய்யலாம் என்ற நம்பிக்கையில் எழுந்தவை. காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் 1907-ல் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அவை ஓடத் தொடங்கியதும் ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இனாமாகவே ஏற்றிச் சென்று குடையும் கொடுத்தது என்பர். 1908-ல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அடக்குமுறையே அதை வீழ்த்திற்று என்பது மெய். எனினும் கூட்டுறவாளர்களாகிய நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று அதிலுண்டு. கப்பல் வாங்கப் பங்கு திரட்டுவது ஒரு வேலை. அக்கப்பலில்தான் ஏற்றுவோம் என்று சரக்குக்காரரின் வாக்கைத் திரட்டுவது மற்றொரு வேலை. இரண்டாவது இல்லாவிடில் முதலாவது எதிரியின் கட்டணக் குறைப்பைத் தாங்காது.

இதற்கு மறுபக்கச் சான்றும் நம் மாநிலத்திலேயே உண்டு. தமிழ்நாடு அரசு 1974-ல் தொடங்கிய பூம்புகார் கப்பற் கழகத்தைக் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடும் நிறுவனமாகவே பலரும் அறிவர். அதன் பெரிய வேலை வேறு. ஹால்தியா, பாரதீப், விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து நிலக்கரியை எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டுவந்து அனல்மின் நிலையங்களுக்குக் கொடுப்பதே அது. நம் நெசவாளர் வீடுகளில் விசைத்தறி ஓடும் மின்சாரத்தில் ஒரு பகுதி இவ்வாறு கடலேறி வந்ததே. அனுப்புவோர் ஒருவர், பெறுவோர் ஒருவர், ஆண்டு முழுவதும் தேவை மாறாத சரக்கு. ஆகவே கப்பல் நிறைகிறது. வெங்காயத்திற்கோ ஆயிரம் சொந்தக்காரர்கள். அந்த ஆயிரவரையும் ஒருவராக்கும் அமைப்பு கூட்டுறவுச் சங்கமன்றி வேறென்ன?

கைமாற்றக் கூலியைத் தவிர்க்கும் உபாயம் ஒன்றைக் குசராத்தில் காணலாம். காம்பே வளைகுடாவின் இரு கரைகளிலுமுள்ள ஹசீராவுக்கும் கோகாவுக்கும் இடையே 2020-ம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பெற்ற கப்பலில், சரக்கோடு லாரியே ஏறிக்கொள்கிறது. சாலை வழி 370 கிலோமீட்டர். கடல் வழி 90 கிலோமீட்டர். ஏற்றிறக்குக் கூலி இல்லை; மூட்டையில் கை படுவதும் இல்லை. நம் கரை அத்தகைய வளைகுடா வளைவுகள் அற்றதாதலின் அதனை அப்படியே இங்கு நடுவது இயலாது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குக் கடல் வழி குறுகியதென்று படத்தைப் பார்த்து மயங்கவும் கூடாது. பாக் நீரிணையும் ஆதாம் பாலத்துத் திட்டுகளும் ஆழமற்றவை. பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றியே வர வேண்டும். இதனை மாற்ற 2005-ல் தொடங்கிய சேதுசமுத்திரக் கால்வாய்ப் பணி வழக்குகளால் தடைப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பெற்ற புதிய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி மேலே உயர்ந்து வழிவிடுவது சிறு கலங்களுக்கே பயன்படும்.

இனி நெசவாளர்களுக்கு இதில் என்ன என்ற வினா எழும். நெய்த துணியைப் பொறுத்தவரை அதிகமில்லை என்பதே நேர்மையான விடை. துணி எடைக்கு மிஞ்சிய விலையுடையது. வண்டிச் சத்தம் அதில் சிறு பகுதி. பண்டிகைக்கு முன் கடையில் சேர்ந்தாக வேண்டிய சேலையைத் துறைமுகத்தில் காத்திருக்கவைக்க எச்சங்கமும் துணியாது. ஈரக்காற்றின் அச்சம் வேறு. ஆனால் பருத்தியின் நிலை அவ்வாறன்று. நாட்டிலேயே மிகுதியான நூற்பாலைகளைக் கொண்ட தமிழ்நாடு, தன் ஆலைகளுக்கு வேண்டிய பருத்தியில் பத்தில் ஒரு பங்குகூட விளைவிப்பதில்லை. குசராத்து, மராட்டியம், தெலங்கானா ஆகிய இடங்களிலிருந்தே பேல்கள் வருகின்றன. குசராத்துத் துறைமுகங்களிலிருந்து தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் கப்பலேறி வந்த பேல்களும் உண்டு. பேல் கெட்டுப்போகும் சரக்கன்று. ஒரு வாரம் தாமதித்தாலும் பருத்தி பருத்தியே. அதன் வண்டிச் சத்தத்தில் குறையும் காசு நூல் விலையில் தெரிய வேண்டும். நூற்பாலைகள் அதனைத் தாமே வைத்துக்கொள்ளாமல் நெசவாளர் சங்கங்களுக்குப் பங்கு தருமா என்பது வேறு சண்டை. கூட்டுறவு நூற்பாலைகளிலாவது நம் பிரதிநிதிகள் அதனைக் கேட்கலாம்.

சட்டத்தின் நிலையும் மாறியிருக்கிறது. 1958-ம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டப்படி, கரையோரத்தில் சரக்கேற்ற இந்தியக் கப்பலுக்கும் உரிமம் வேண்டியிருந்தது. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கரையோரக் கப்பற் சட்டம் இந்தியக் கப்பல்களுக்கு அத்தேவையை நீக்கி, அயல்நாட்டுக் கப்பல்களுக்கு மட்டும் உரிமத்தை வைத்துள்ளது. அச்சட்டம் அமலுக்கு வந்த இரண்டாண்டுகளுக்குள் கரையோர, உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக்கான தேசியத் திட்டமொன்று வரையப்பட வேண்டும் என்றும் அது விதிக்கிறது. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் பேச ஆள் இருக்கிறார்கள். வெங்காயத்திற்கும் பருத்திக்கும் இத்தனை டன், இன்ன மாதம், இன்ன ஊருக்கு என்று கணக்கோடு பேச வேண்டியவர்கள் நாமே. அக்கணக்கு இன்று லாரி வாடகை என்ற ஒற்றை வரியில் மறைந்து கிடக்கிறது.

தோணியில் அனுப்ப விரும்பும் சங்கங்களுக்கு நாம் கூறுவது இதுவே. புறப்படும் நாள் எழுத்தில் கிடைக்கும் வரை வெங்காயம் ஊரிலுள்ள பட்டறையை விட்டு அசையக்கூடாது. காற்றோட்டமான பட்டறையில் மாதக்கணக்கில் கெடாதிருக்கும் பொருள், துறைமுகத்துத் தார்ப்பாயின் கீழ் ஒரு வாரம் தாங்காது. நாலைந்து சங்கங்கள் சேர்ந்து ஒரே பயணத்திற்கு வாக்குக் கொடுத்தால் தண்டலும் நாள் குறிப்பார். எடையைத் துறைமுகத்தில் ஒருமுறை அனைவர் முன்னிலையிலும் போட வேண்டும். கடற்காப்பீடு இல்லாமல் ஒரு மூட்டையும் ஏறக்கூடாது. முதற் சங்கம் அதனையும் மறந்திருந்தது.

அச்சங்கத்திற்குச் சென்ற மாதம் மீண்டும் செல்ல நேர்ந்தது. தோணி என்ற சொல்லை நாம் எடுக்கவில்லை. மூன்றாண்டு லாரி வாடகையை ஊர்வாரியாகப் பிரித்து எழுதித் தரும்படி மட்டும் கேட்டோம். புதிய காரியதரிசி மாலைக்குள் எழுதி முடித்தார். தீவுக்கு அனுப்பும் அதே வியாபாரிக்கு விற்ற மூட்டைகள் அதில் ஒரு தனி வரியாக நின்றன. துறைமுகம் வரை வாடகை சங்கத்தினுடையது. அண்டையிலுள்ள வேறு இரண்டு சங்கங்களின் ஏடுகளிலும் அவ்வியாபாரியின் கணக்கைப் பார்த்திருக்கிறோம். "அவர்களும் அவருக்குத்தான் போடுகிறார்களா?" என்று வியந்தார் காரியதரிசி. அவ்விரு சங்கங்களின் தொலைபேசி எண்களையும் அவருடைய குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.