நுண்ணுயிர் உலகம் – 9: புழுவின் வயிற்றில் கரையும் வைரம்

காலையில் மல்பெரி இலையைச் சரசரவென்று தின்றுகொண்டிருந்த பட்டுப்புழு, சிறிது நேரத்தில் தொய்ந்து கிடக்கும். தொட்டால் அசையாது. ஜப்பானில் இந்த நோயை ‘சொட்டோ’ என்பார்கள். 1901-ல் இஷிவாடா ஷிகெதானே இதற்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பத்தாண்டு கழித்து, ஜெர்மனியில் மாவு அந்துப்பூச்சியின் புழுக்களில் எர்ன்ஸ்ட் பெர்லினர் அதே இனத்தைக் கண்டார். துரிங்கியா வட்டாரத்தின் பெயரால் அது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் ஆனது. நம் பருத்தி விவசாயிகள் வாயில் வெறும் ‘பி.டி.’

இரை தீர்ந்ததும் இந்த பாக்டீரியா ஒரு வித்தாகச் சுருங்கி உறங்கப் போகும். போகும்போது வித்தின் பக்கத்திலேயே புரதத்தைப் படிகமாகக் கட்டி வைக்கிறது. அடியோடு அடி ஒட்டிய இரண்டு பிரமிடுகளைப் போன்ற குட்டி வைரம் அது. நஞ்சு அதில்தான் இருக்கிறது என்று 1954-ல் காட்டியவர் கனடாவின் தாமஸ் ஆங்கஸ்.

படிகம் தண்ணீரில் கரையாது. புரத இழைகளைக் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைத்துப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடி தளர நல்ல காரம் வேண்டும். இலை தின்னும் புழுவின் நடுக்குடலில் அது தாராளமாக இருக்கிறது. காரநிலை 10-ஐ ஒட்டி, சோப்புத் தண்ணீர் மாதிரி. இலையிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின் புரதத்தைப் பிடித்துவைத்துச் செரிமானத்தைக் கெடுக்கும்; காரத்தில் அந்தப் பிடி நிற்காது. செடியின் தற்காப்பைச் சமாளிக்கப் புழுவுக்குக் கைகொடுக்கும் அதே காரம்தான் படிகத்தையும் கரைக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கரைந்தாலும் அது இன்னும் நஞ்சாகவில்லை. கிரை1ஏசி என்ற புரதத்தில் சுமார் 1,180 அமினோ அமிலங்கள். அவற்றில் பின்பாதி முழுக்கப் படிகம் கட்டுவதற்கான பொட்டலம்தான். புழுவின் செரிமான நொதிகள் அதை நறுக்கித் தள்ளியபின் எஞ்சுவதே கொல்லும் துண்டு. அது குடற்சுவர் செல்களின் கேட்ஹெரின் முதலிய ஏற்பிகளைப் பற்றி, பல துண்டுகளாகக் கூடி, செல்லின் சவ்வில் ஓட்டை போடுகிறது. தண்ணீர் உள்ளே பாய்ந்து செல் வீங்கி வெடிக்கிறது. புழு தீனியை நிறுத்திவிடும். கிழிந்த குடல் வழியாகக் கிருமிகள் உடம்புக்குள் இறங்கும்.

நம் இரைப்பை அமிலத்தில் இது சாதாரணப் புரதமாகச் செரித்துப்போகும். பற்றிக்கொள்ள அந்த ஏற்பிகளும் நம் குடலில் இல்லை. தேனீயைத் தொடாமல் புழுவை மட்டும் தேடிப்போகும் பூச்சிக்கொல்லி வேறெத்தனை இருக்கிறது? இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1976-ல் கிடைத்த இன்னொரு வகை, கொசுப்புழுக்களைக் கொல்கிறது. கொசு ஒழிப்புக்காகத் தேங்கிய நீரில் இன்று தெளிக்கப்படுவது அதுதான்.

2002-ல் கிரை1ஏசியின் மரபணு பருத்திச் செடிக்குள்ளேயே ஏறி நம் வயல்களுக்கு வந்தது. இலையிலும் காயிலும், பருவம் முழுக்க, ஒரே நஞ்சு. அப்படிச் செய்திருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். சில ஆண்டுகளிலேயே குஜராத்தின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு கிரை1ஏசியைத் தின்றும் உயிரோடு இருந்தது. அத்தகைய புழுக்களை ஆராய்ந்தபோது, அவற்றின் கேட்ஹெரின் உருமாறியிருந்தது. நஞ்சுக்குப் பற்றிக்கொள்ள இடமில்லை.

(தொடரும்)