போறணை இல்லாத அடுக்களையிலே

கண்டியிலிருந்து வத்துகாமம் செல்லும் வழியில் மடவளைப் பஸாரை அண்டி வாழும் குடும்பங்களில், இலங்கையின் ஏனைய ஊர்களிற் போலவே, காலை உணவு என்பது அநேக நாட்களில் பாணாகவே இருக்கும். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைக்கு இரண்டு துண்டு பாணும் பருப்புக் கறியும் கொடுத்தனுப்பினால் தாய்க்கு ஒரு கவலை தீர்ந்தது. பாணைக் கடையில் வாங்குவதன்றி வீட்டிலே செய்துகொள்ளலாம் என்று நாம் ஒருநாளேனும் எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வாறு எண்ண வைத்தது 2022ஆம் ஆண்டு.

அவ்வாண்டின் துன்பத்தை வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்நியச் செலாவணி வற்றிப்போனது. ஏப்பிரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. சமையல் எரிவாயுவுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையிலே நின்றனர். எரிவாயு இன்றிப் பல வெதுப்பகங்கள் மூடப்பட்டன. திறந்திருந்தவற்றிலும் பாணின் விலை மீண்டும் மீண்டும் ஏறிற்று. மூத்தோர் பலருக்கு அது புதிய காட்சியன்று. 1973, 1974ஆம் ஆண்டுகளில் ஓர் இறாத்தல் பாணுக்காக விடியுமுன்பே எழுந்து வரிசையில் நின்றதை அவர்கள் மறந்தவரல்லர்.

பாண் நம் நாட்டுப் பண்டமன்று என்பதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. பாண் என்ற பெயர் போர்த்துக்கேயர் தந்தது. அதனைச் சுடும் போறணையின் பெயரும் அவர்களுடையதே. கோதுமையோ இலங்கையில் விளைவதில்லை. கப்பலில் வந்து இறங்கும் தானியத்தையே 1980ஆம் ஆண்டு முதல் திருகோணமலையிலுள்ள பெரிய ஆலை மாவாக்கித் தருகிறது. ஆகவே டொலர் இல்லாதபோது பாணும் அரிதாகும். வீட்டிலே சுடுவதால் கோதுமை மலிந்துவிடப் போவதில்லை. ஆயினும் மா கொஞ்சம் கையிலிருந்து, வெதுப்பகம் பூட்டியிருக்குமாயின், பிள்ளைகளைப் பட்டினியாக அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை என்பதை நாம் அந்நாட்களிலேதான் கற்றோம்.

எமக்கு அதனைக் கற்பித்தவர், சவூதி அரேபியாவில் நெடுங்காலம் வீட்டுப் பணி செய்து திரும்பிய அயல்வீட்டு ராத்தா. அரபு நாடுகளில் ஈஸ்ட் இட்டுப் பொங்கவைத்த தட்டை ரொட்டியே அன்றாட உணவு. அதற்குப் பெரிய போறணை வேண்டுமென்பதில்லை. மொரோக்கோ நாட்டுப் பெண்கள் ‘பத்பூத்’ என்னும் ரொட்டியை அடுப்பின்மேல் வைத்த கல்லிலேயே சுட்டெடுப்பர். யெமன் நாட்டாரின் ‘லஹூஹ்’, புளித்த மாக்கரைசலைச் சட்டியில் ஊற்றிச் சுடுவது. பார்வைக்கு நம் ஆப்பத்தின் தங்கை என்றே சொல்லலாம்.

ஆப்பத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. மாவைப் பொங்கச் செய்யும் வித்தை நமக்குப் புதியதன்று. முன்னாளில் ஆப்பமாவிற் கள் சேர்த்ததும், இன்று கடையில் பொட்டலமாக விற்கும் ஈஸ்டைச் சேர்ப்பதும் ஒரே காரியத்திற்காகத்தான். கள்ளுக்கு இடமில்லாத மடவளை போன்ற ஊர்களில் அப்பொட்டலமே கைகொடுக்கிறது. பாடநூல்களில் இதற்கு மதுவம் என்று பெயர். பெயரிலே மது இருக்கிறதே என்று எவரும் திடுக்கிட வேண்டாம்! அது கண்ணுக்குப் புலனாகாத பூஞ்சண உயிர். சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடும். நீர் விட்டுப் பிசைந்த கோதுமை மாவில் இழுபடும் தன்மையுள்ள ஒரு பசை உண்டாகிறது. வாயு அப்பசையின் வலைக்குள் அகப்பட்டு வெளியேற முடியாமல் மாவை ஊதச் செய்கிறது. நொதித்தல் உயிர்களின் தொழிலே என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சு தேசத்து லூயி பாஸ்ச்சர் ஆராய்ந்து நிறுவினார்.

இனிச் செய்முறை. கோதுமை மா 500 கிராம். ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. இளஞ்சூடான நீர் ஏறத்தாழ 300 மில்லிலீற்றர். முதலில் சிறிது நீரிலே சீனியையும் ஈஸ்டையும் கரைத்துப் பத்து நிமிடம் வைத்தால் மேலே நுரை கட்டும். நுரை கட்டாவிட்டால் மாவை வீணாக்காதீர்கள். அந்த ஈஸ்டில் உயிர் இல்லை.

முதல் நாள் எமக்கு நேர்ந்தது அதுவே. விரைவாகப் பொங்கட்டும் என்று கேத்தலில் கொதித்த நீரை அப்படியே ஊற்றினோம். நுரையைப் பார்க்கவும் பொறுமையில்லை. இரண்டு மணி நேரம் சென்று மூடியைத் திறந்தபோது மா வைத்தபடியே கிடந்தது. ராத்தா வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். “சுடுதண்ணியவா ஊத்தின தங்கச்சி? உசிருள்ள சாமான் அது!” என்றார். 60 பாகை செல்சியசை நெருங்கும் வெப்பத்தில் ஈஸ்ட் மடிந்துவிடும் என்பதை நாமும் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அடுக்களையில் அது நினைவுக்கு வரவில்லை. அன்றைய மா, தேங்காய்ப்பூச் சேர்த்து வெறும் ரொட்டியாகக் கட்டச்சம்பலோடு கரைந்தது. விரலை வைத்தால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கும் நீரே ஏற்றது.

நுரை கட்டியதும் மா, உப்பு, எண்ணெய், எஞ்சிய நீர் யாவும் சேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். இதிலே சோம்பல் கூடாது. முன்சொன்ன பசைவலை கையின் உழைப்பாலேயே உறுதிப்படுகிறது. பின்பு ஈரத்துணியால் மூடி இரட்டிப்பாகப் பொங்கும் வரை வைக்கவேண்டும். கொழும்பு வெக்கையில் ஒரு மணி நேரம் போதும். கண்டியோ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ளது. மார்கழி, தை மாதத்து விடியலில் இரண்டு மணி நேரமும் ஆகலாம். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட மாவைப் பார்ப்பதே நலம். அடுப்பங்கரையில், சூடு நேரே படாத மூலையில் பாத்திரத்தை வைப்பது எமது வழக்கம்.

பொங்கிய மாவை எட்டு உருண்டைகளாக்கிக் கால் அங்குலக் கனத்தில் தட்டிப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். தட்டையாக இருத்தல் ஏன் என்று மாணவர் கேட்கலாம். போறணையில் வெப்பம் நாற்புறமும் சூழ்கிறது. ஆகையால் பருத்த பாணும் உள்ளே வேகும். தோசைக்கல்லிலோ கீழிருந்து மட்டுமே வெப்பம் வருகிறது. கனம் கூடினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். கனத்த இரும்புக் கல் சிறந்தது. மெல்லிய தகடு சூட்டைச் சீராகப் பரப்பாது. விறகடுப்பாயின் கொள்ளிகளைப் பின்னிழுத்துவிட்டுத் தணலிலே சுடவேண்டும். கல்லில் இட்டவுடன் ஒரு மூடியால் இரண்டு நிமிடம் மூடினால் ஆவி அடங்கி மேற்புறமும் வேகத் தொடங்கும், கொப்புளங்கள் எழும். திருப்பிப் போட்டு மீண்டும் இரண்டு மூன்று நிமிடம். எடுத்ததும் துணியில் சுற்றி வைக்காவிட்டால் தோல்போல் விறைத்துவிடும்.

கோதுமை மாவை மிச்சப்படுத்த விரும்புவோர் ஐந்தில் ஒரு பங்கிற்குக் குரக்கன் மாவோ, அவித்து மசித்த வற்றாளங்கிழங்கோ சேர்க்கலாம். கிழங்காயின் நீரைக் குறைத்துக்கொள்க. அதற்கு மேற்பட்டால் பசை குறைந்து பொங்குதல் குன்றும். பாதிக்குப் பாதி குரக்கன் சேர்த்துப் பார்த்தோம். சுவை குறைவில்லை, ஆனால் அது பாணின் இனத்தைச் சேர்ந்ததன்று.

ஈஸ்ட் பொட்டலமும் கிடைக்காத வாரங்கள் வந்தன. அப்போது ராத்தா மற்றொரு வழி காட்டினார். பொங்கிய மாவிலிருந்து தேசிக்காயளவு எடுத்து மூடி வைத்து, மறுநாள் அதனையே இளஞ்சூட்டு நீரிற் கரைத்துப் புதிய மாவிற் சேர்க்க வேண்டும். பொங்குவதற்கு நேரம் கூடுதலாகும். ஆகையால் இரவே பிசைந்து வைத்தோம். மூன்றாம் நாள் இலேசான புளிப்பு ஏறியது. பெரியவர்கள் முகம் சுளித்தோம். பிள்ளைகள் அதற்குச் சீனிச்சம்பல் வைத்து, இன்னொன்று கேட்டார்கள்.