'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!' - எங்கிருந்து வந்தது இந்தச் சொல்?

ஈக்காட்டுத்தாங்கலில் ஷேர் ஆட்டோ ஏறியிருக்கிறீர்களா? மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளாக உங்களை உட்காரவைத்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பார் டிரைவர்.

தெரியாமலேயே சொல்லின் வேரைத் தொட்டுவிட்டார் மனுஷன்! லத்தீனில் 'யுக்ஸ்டா' என்றால் 'அருகில்'. 'பக்கத்தில் கொண்டுவருவது' என்ற பொருளோடு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது அட்ஜஸ்ட். நியாயத்தைக் குறிக்கும் 'ஜஸ்ட்'டுக்கு வேர் வேறு.

இங்கிலாந்துக்காரர் கடிகாரத்தை, கண்ணாடியை அட்ஜஸ்ட் செய்வார். நாம் மனிதர்களை! அதுவும் பெரும்பாலும் பெண்களை. "நீதாம்மா அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்" என்பது கல்யாணமான எல்லோரும் கேட்டதுதான்.

2024-ல் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கையிலும் இந்தச் சொல் இருக்கிறது. மலையாள சினிமாவில் வாய்ப்புக்காகப் பெண்களைப் பாலியல் இணக்கத்துக்கு அழைக்க, 'அட்ஜஸ்ட்மென்ட்' என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.