ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? ஸ்போர்ட்டி கார் வாங்கும் முன் போட வேண்டிய 1.8 லட்ச ரூபாய் கணக்கு!

ஒரே இன்ஜின், ஒரே பவர், ஒரே தோற்றம். கியர்பாக்ஸ் மட்டும் மாறினால் விலை 1 லட்சம் ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை மாறுகிறது. கொஞ்சம் வேகமான, ஸ்போர்ட்டியான கார் வாங்க ஷோரூமுக்குப் போகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி இதுதான்: டிராஃபிக்ல கால் வலிக்காத ஆட்டோமேட்டிக்கா, கையில் கியரைப் பிடித்து ஓட்டும் மேனுவலா?

இந்தக் கேள்விக்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழில் வழித்தடத்தில் தயாராகும் கார்களே போதும். 1998-ல் சான்ட்ரோவுடன் தொடங்கிய ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலை, 2010-ல் திறக்கப்பட்ட ஒரகடம் ரெனோ - நிசான் ஆலை என இரண்டிலிருந்துமே டர்போ கார்கள் இரண்டு வகை கியர்பாக்ஸிலும் வந்திருக்கின்றன. எதை எடுக்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

மேனுவல் வேணுமா? அப்போ 'என் லைன்'தான்!

பொதுவாக மேனுவல் என்றால் விலை குறைந்த மாடல், ஆட்டோமேட்டிக் என்றால் டாப் மாடல் என்பதுதான் நம் ஊர் வழக்கம். இதை மாற்றிக் காட்டியது கிரெட்டா. 2024 ஜனவரியில் வந்த புதிய கிரெட்டாவில் 160 பிஎஸ் பவர் தரும் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 7 ஸ்பீடு டிசிடி ஆட்டோமேட்டிக்குடன் மட்டுமே கொடுக்கப்பட்டது. அதே இன்ஜினை மேனுவலில் ஓட்ட விரும்பியவர்கள் மார்ச் மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அறிமுகமான கிரெட்டா என் லைனில்தான் 6 ஸ்பீடு மேனுவல் கிடைத்தது. கூடவே 18 இன்ச் வீல், இரட்டைப் புகைபோக்கி, சிவப்பு பிரேக் காலிப்பர் எல்லாம் வந்தன. அதாவது மேனுவல் கியர், ஸ்போர்ட்டி பேக்கேஜின் ஒரு பகுதியாகிவிட்டது.

ஐ20 கதை இன்னும் சுவாரஸ்யம். 2021 செப்டம்பரில் ஐ20 என் லைன் வந்தபோது அதில் ஐஎம்டி, டிசிடி என இரண்டு வகைகள் இருந்தன. ஐஎம்டி என்றால் கியரை நாம் மாற்ற வேண்டும், ஆனால் கிளட்ச் பெடல் கிடையாது. மேனுவலும் வேண்டும், கால் வலியும் கூடாது என்பவர்களுக்கான நடுவழி அது. 2023 செப்டம்பரில் வந்த புதுப்பிக்கப்பட்ட மாடலில் ஹூண்டாய் அந்த நடுவழியை விட்டுவிட்டு, கிளட்ச் பெடலுடன் கூடிய வழக்கமான 6 ஸ்பீடு மேனுவலைக் கொண்டுவந்தது. ஸ்போர்ட்டி கார் தேடி வருகிறவர் கிளட்ச்சை மிதிக்கத் தயாராகத்தான் வருகிறார் என்பதுதான் இதிலிருந்து தெரிகிற விஷயம்.

மற்ற நாடுகளில் எப்படி?

அங்கேயும் இதே போக்குதான். ஃபோர்டு நிறுவனம் 2018 மஸ்டாங் ஜிடி-க்குக் கொடுத்த 'பெர்ஃபார்மன்ஸ் பேக் லெவல் 2' என்ற ஸ்போர்ட்ஸ் பேக்கேஜ் மேனுவல் காரில் மட்டுமே கிடைத்தது. போர்ஷே 2013-ல் தனது 911 ஜிடி3 காரை ஆட்டோமேட்டிக்கில் மட்டும் கொண்டுவந்தது. பின்னர் 2016-ல் மேனுவலில் மட்டும் 911 ஆர் என்ற மாடலை 991 கார்கள் என்ற கணக்கில் தயாரித்தது. அடுத்த ஆண்டே ஜிடி3-யிலும் மேனுவல் திரும்பி வந்தது.

இந்தியாவில் 2025-ல் அறிமுகமான பிஎம்டபிள்யூ இசட்4 'பியூர் இம்பல்ஸ்' எடிஷனைப் பாருங்கள். அறிமுகத்தின்போது ஆட்டோமேட்டிக் விலை 96.90 லட்சம், மேனுவல் விலை 97.90 லட்சமாக இருந்தது. நம்ம கிரெட்டாவில் ஆட்டோமேட்டிக்குக்குக் கூடுதல் பணம் என்றால், அங்கே மேனுவலுக்குக் கூடுதல் பணம்!

மேனுவல்தான் வேகமா?

இல்லை. பலரும் நினைப்பதற்கு நேர்மாறான விஷயம் இது. அதே இசட்4-ல் 0-விலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆட்டோமேட்டிக் எடுத்துக்கொள்ளும் நேரம் 4.5 வினாடி, மேனுவல் 4.6 வினாடி என்கிறது பிஎம்டபிள்யூ.

காரணம் எளிமையானது. டிசிடி போன்ற கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச்கள் இருக்கும். ஒன்று 1, 3, 5, 7 கியர்களையும், மற்றொன்று 2, 4, 6 கியர்களையும் கவனித்துக்கொள்ளும். இரண்டாவது கியரில் கார் ஓடும்போதே மூன்றாவது கியர் ரெடியாக நிற்கும். எவ்வளவு அனுபவசாலி டிரைவராக இருந்தாலும் கையும் காலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ஃபார்முலா 1 பந்தயத்தில் 1989-லேயே இது தெரிந்துவிட்டது. ஸ்டீயரிங் வீலில் இருந்தபடியே கியர் மாற்றும் வசதியுடன் வந்த ஃபெராரி காரில், நைஜல் மான்செல் அந்த ஆண்டின் முதல் பந்தயமான பிரேசில் கிராண்ட் பிரீயை வென்றார்.

அப்படின்னா மேனுவல் எதுக்கு? எந்தக் கியரில், எப்போது போக வேண்டும் என்ற முடிவு முழுக்க ஓட்டுபவர் கையில் இருக்கும். ஓவர்டேக் செய்யும்போது கியர்பாக்ஸ் யோசித்து இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம். மெதுவான வேகத்திலும் 'நான் ஓட்டுகிறேன்' என்ற உணர்வு கிடைக்கும். இந்த உணர்வுக்காகத்தான் மேனுவல் எடுக்கிறார்கள், வேகத்துக்காக இல்லை.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒண்ணு இல்லை

ஷோரூமில் 'ஆட்டோமேட்டிக்' என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் வேறு வேறு.

* ஏஎம்டி: சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச், கியர் இரண்டையும் ஒரு இயந்திரம் இயக்கும். விலை குறைவு. கியர் மாறும்போது லேசான இழுப்பு தெரியும். நிசான் மேக்னைட்டில் 2023 அக்டோபரில் வந்த 'ஈஸி ஷிஃப்ட்' இந்த வகைதான். ஆனால் அது டர்போ அல்லாத இன்ஜினுக்கு.
* சிவிடி: தனித்தனி கியர்களுக்குப் பதிலாக பெல்ட்டும் புல்லியும் இருக்கும். டிராஃபிக்கில் மிக மென்மையானது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முதலில் சத்தம், பிறகுதான் வேகம்.
* டிசிடி: மேலே சொன்ன இரட்டை கிளட்ச். மூன்றில் வேகமானது, விலையும் அதிகம்.

இந்த வித்தியாசம் பவரிலும் மைலேஜிலும் தெரியும். ஒரகடத்தில் தயாராகும் மேக்னைட் டர்போவில் மேனுவலுக்கு 160 என்எம் டார்க் (இழுவிசை), சிவிடி-க்கு 152 என்எம். 2020 டிசம்பரில் அறிமுகமானபோது சொல்லப்பட்ட மைலேஜ் மேனுவலுக்கு லிட்டருக்கு 20 கி.மீ., சிவிடி-க்கு 17.7 கி.மீ. மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு இது சுமார் ஆறரை லிட்டர் வித்தியாசம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 650 ரூபாய்.

ஆனால் கிரெட்டா என் லைனில் கதை தலைகீழ். இரண்டு வகைக்கும் 253 என்எம் டார்க். மைலேஜ் மேனுவலுக்கு 18 கி.மீ., டிசிடி-க்கு 18.2 கி.மீ. அதனால் 'ஆட்டோமேட்டிக் என்றாலே மைலேஜ் குறையும்' என்ற பேச்சை எல்லா காருக்கும் பொருத்த முடியாது. இவை சோதனைக்கூட அளவுகள் என்பதையும், டிராஃபிக்கில் இரண்டுமே குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விலை வித்தியாசம்: ஷோரூமில் சொல்லாத கணக்கு

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஷோரூம் விலையில் தெரியும் வித்தியாசம் வேறு, சாலைக்கு வரும்போது ஆகும் வித்தியாசம் வேறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கான சாலை வரி விலையைப் பொறுத்து மாறுகிறது.

* 5 லட்சம் வரை: 12%
* 5 முதல் 10 லட்சம் வரை: 13%
* 10 முதல் 20 லட்சம் வரை: 18%
* 20 லட்சத்துக்கு மேல்: 20%

ஆட்டோமேட்டிக் எடுக்கும்போது கார் அடுத்த வரி அடுக்குக்குத் தாவிவிட்டால் செலவு எகிறிவிடும். அறிமுக விலைகளை வைத்துப் பார்க்கலாம்.

ஐ20 என் லைன் என்6: மேனுவல் 9.99 லட்சம், டிசிடி சுமார் 11.10 லட்சம். ஷோரூம் வித்தியாசம் 1.10 லட்சம். மேனுவலுக்கு 13% வரி, அதாவது சுமார் 1.30 லட்சம். டிசிடி-க்கு 18% வரி, சுமார் 2 லட்சம். வரியையும் சேர்த்தால் உண்மையான வித்தியாசம் சுமார் 1.80 லட்சம்!

கிரெட்டா என் லைன் என்8: மேனுவல் 16.82 லட்சம், டிசிடி 18.32 லட்சம். இரண்டுமே 18% அடுக்குதான். வித்தியாசம் வரியோடு 1.77 லட்சம்.

கிரெட்டா என் லைன் என்10: மேனுவல் 19.34 லட்சம், டிசிடி 20.30 லட்சம். ஷோரூமில் 96 ஆயிரம்தான் வித்தியாசம். ஆனால் டிசிடி 20 லட்சத்தைத் தாண்டுவதால் 20% வரி. மொத்த வித்தியாசம் சுமார் 1.53 லட்சம்.

2025 செப்டம்பரில் வந்த ஜிஎஸ்டி குறைப்புக்குப் பிறகு கார் விலைகள் மாறிவிட்டன. அதனால் வாங்கும் நாளில் உள்ள விலையைக் கேட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். குறிப்பாக 10 லட்சம், 20 லட்சம் என்ற கோடுகளுக்குப் பக்கத்தில் உள்ள மாடல்களில் கவனம் தேவை. கடனில் வாங்கினால் இந்த வித்தியாசத்துக்கும் சேர்த்து வட்டி கட்ட வேண்டும்.

தினசரி எந்த ரோடு?

ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கம்பெனி பஸ்களும், கார் ஏற்றிய டிரெய்லர்களும், கன்டெய்னர் லாரிகளும் ஒன்றாக இறங்கும்போது சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று இந்தப் பகுதியில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பூந்தமல்லியில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை தினமும் போய் வருபவருக்கு மேனுவல் என்றால் இடது காலுக்கு ஓய்வே இருக்காது. டர்போ காரில் குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை குறைவு என்பதால், ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் முதல், இரண்டாவது கியருக்குள்ளேயே மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியிருக்கும்.

அதே நேரம் டிசிடி-யும் இந்த டிராஃபிக்கை விரும்பாது. உலர் வகை கிளட்ச் இருந்தால் இன்ச் இன்ச்சாக நகரும்போது சூடாகும். வாங்கும் முன் அது எந்த வகை என்று கேளுங்கள். வாங்கிய பிறகு இந்த இரண்டையும் பழக்கமாக்குங்கள்:

* மேம்பாலச் சரிவில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டாம். பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.
* முன்னால் உள்ள வண்டி ஒரு அடி நகர்ந்ததுமே நகர வேண்டாம். கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் ஒரே மூச்சில் நகருங்கள்.

சரி, யாருக்கு எது?

ஆட்டோமேட்டிக் எடுக்கலாம்: தினமும் நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவர்கள், முட்டி வலி அல்லது முதுகு வலி உள்ளவர்கள், வீட்டில் இரண்டு மூன்று பேர் ஒரே காரை ஓட்டும் குடும்பங்கள்.

மேனுவல் எடுக்கலாம்: கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டு வார இறுதியில் மட்டும் காரை எடுப்பவர்கள், ஏலகிரி, ஏற்காடு என மலைப்பாதையில் ஓட்ட ஆசைப்படுபவர்கள், மிச்சமாகும் ஒன்றரை லட்சத்தை நல்ல டயருக்கும் இன்சூரன்ஸுக்கும் ஒதுக்க நினைப்பவர்கள்.

டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலை காலியான ரோட்டில் செய்ய வேண்டாம். நீங்கள் வேலை முடிந்து திரும்பும் அதே நேரத்தில், அதே ரோட்டில், இரண்டு வகையையும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வேகத்தைச் சோதிக்க நெடுஞ்சாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதும் முக்கியம். பொதுச்சாலையில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி முதல் முறைக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை. அதற்கென்றே 1990-ல் திறக்கப்பட்ட மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட், ஹூண்டாய் ஆலை உள்ள அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கிறது.

மேனுவல் இன்னும் எத்தனை நாள்?

2025 ஜனவரியில் அறிமுகமான கிரெட்டா எலெக்ட்ரிக்கும் இருங்காட்டுக்கோட்டையில்தான் தயாராகிறது. அதில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. ஹூண்டாயின் ஐயோனிக் 5 என் என்ற எலெக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் காரிலோ, கியர் மாறும் உணர்வை மென்பொருள் மூலம் செயற்கையாக உருவாக்கியிருக்கிறார்கள். வருங்காலத்தில் மேனுவல் டர்போ கார்களின் தேர்வு குறையவே வாய்ப்பு அதிகம். கிளட்ச் மிதித்து ஓட்டும் ஆசை உண்மையிலேயே இருப்பவர்கள் அதைத் தள்ளிப்போடாமல் இப்போதே யோசிக்கலாம். அந்த ஆசை இல்லாதவர்கள், 'ஸ்போர்ட்ஸ் கார்னா மேனுவல்தான்' என்று நண்பர்கள் சொல்வதற்காக மட்டும் மேனுவல் எடுக்கத் தேவையில்லை. தினமும் அந்த டிராஃபிக்கில் உட்காரப் போவது நண்பர்கள் இல்லை, நீங்கள்தான்.