வீட்டுப் பட்டறைப் பற்றவைப்பு

வீட்டுப் பட்டறைப் பற்றவைப்பு என்பது வீட்டு முற்றத்திலோ, வீட்டையொட்டிய கொட்டகையிலோ, ஒரு சிறிய பற்றவைப்புப் பொறியையும் சில கைக்கருவிகளையும் கொண்டு இரும்பு, எஃகுப் பொருட்களை வெட்டி இணைத்துச் செய்யும் தொழிலாகும். பேச்சு வழக்கில் இது வெல்டிங் வேலை எனப்படுகிறது. இது நடக்கும் இடத்தைக் கிரில் பட்டறை என்றும் வெல்டிங் பட்டறை என்றும் கூறுவர். சன்னல் கம்பி, வாயிற்கதவு, மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் சட்டம், தகரக் கொட்டகை ஆகியன இப்பட்டறைகளில் செய்யப்படும் வழக்கமான பொருட்கள் ஆகும்.

திருப்பூர் பகுதியில்

திருப்பூர் பின்னலாடைக்குப் பெயர் பெற்ற நகரம். அதன் புறத்தே அமைந்துள்ள முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டையும், ஏற்றுமதிப் பின்னலாடைக்கான தொழில் வளாகமும் உள்ளன. துணியைப் பற்றியே அதிகம் பேசப்படும் இத்தகைய ஊர்களில் இரும்பு வேலையின் பங்கு எளிதில் கண்ணில் படுவதில்லை. ஆனால் துணி வெட்டும் நீண்ட மேசை, ஆடைகளைச் சரிபார்க்கும் மேசை, துணிச் சுருளைத் தாங்கும் நிலை, மூட்டைகளைத் தள்ளிச் செல்லும் வண்டி, தையல் வரிசைக்கு மேலே மின்கம்பிகளைத் தாங்கும் சட்டம் என ஓர் ஆடை ஆலைக்குள் இருக்கும் தளவாடங்களில் பெரும்பகுதி பற்றவைத்துச் செய்யப்படுவதே. இவற்றை எந்தப் பெரிய நிறுவனத்திடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. அளவைச் சொன்னால் அருகிலுள்ள பட்டறையே செய்து கொடுத்துவிடும்.

துணிக்கும் இரும்புக்கும் இடையே வேறொரு தொடர்பும் உண்டு. பனியன் ஆலைகளில் கழியும் வெட்டுத்துணி, பனியன் வேஸ்ட் என்ற பெயரில் இயந்திரப் பட்டறைகளுக்குத் துடைப்புத் துணியாக விற்கப்படுகிறது. எனவே பருத்தி இல்லாத பற்றவைப்புப் பட்டறையைக் காண்பது அரிது. இதன் விளைவு கீழே, தீயைப் பற்றிய பகுதியில் கூறப்பட்டுள்ளது.

இயங்கும் முறை

வீட்டுப் பட்டறைகளில் பெரிதும் பயன்படுவது மின்வில் பற்றவைப்பு ஆகும். பொறியிலிருந்து இரண்டு தடித்த கம்பிகள் புறப்படுகின்றன. ஒன்று வேலைப்பொருளில் கவ்வப்படும். மற்றொன்றின் முனையில் உள்ள பிடியில் பூச்சிட்ட மின்வாய் ஒன்று செருகப்படும். இம்மின்வாயையே தொழிலாளர் ராடு என்பர். ராடின் முனையை இரும்பில் உரசி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலக்கிப் பிடித்தால், இடைவெளியில் மின்வில் தோன்றுகிறது. எஃகு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசில் உருகும். மின்வில்லின் வெப்பநிலை அதனைப் போல இரு மடங்கிற்கும் மேற்பட்டது. ராடின் உள்ளிருக்கும் கம்பி உருகி இணைப்பில் சேர்கிறது. அதன் மேற்பூச்சு எரிந்து வளிமப் போர்வையாகவும் கசடாகவும் மாறி, உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கிறது. குளிர்ந்தபின் கசடு தட்டி நீக்கப்படும்.

சன்னல் கம்பி போன்ற வேலைகளுக்கு 2.5 மில்லிமீட்டர் அல்லது 3.15 மில்லிமீட்டர் ராடு போதும். முதலாவதற்குச் சுமார் 60 முதல் 90 ஆம்பியரும், இரண்டாவதற்குச் சுமார் 90 முதல் 130 ஆம்பியரும் தேவை. மின்வில் 100 ஆம்பியரில் எரியும்போது அதன் குறுக்கே சுமார் 24 வோல்ட் இருக்கும். அதாவது வில் மட்டுமே 2,400 வாட் எடுத்துக்கொள்கிறது. பொறியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், வீட்டின் 16 ஆம்பியர் பிளக்கு அதன் எல்லையைத் தொட்டுவிடும். பற்றவைக்கும் வீட்டில் விளக்கு மங்குவதும் சுவரிலுள்ள பிளக்கு கருகுவதும் இதனாலேயே. பற்றவைப்புப் பொறிக்குத் தனிக் கம்பி, தனி முறிப்பான், முறையான நிலத்தொடுப்பு ஆகியவை வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் அன்று.

முன்னர் பட்டறைகளில் கனத்த மின்மாற்றிப் பொறிகளே இருந்தன. குறைகடத்திகளால் இயங்கும் இன்வெர்ட்டர் பொறிகள் வந்தபின் ஒரு கையால் தூக்கிச் செல்லத்தக்க பொறியே வீட்டு வேலைக்குப் போதுமானதாயிற்று. வீட்டுப் பற்றவைப்பு பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மின்மாற்றிப் பொறி மாறுமின்னோட்டத்தையும், இன்வெர்ட்டர் பொறி பெரும்பாலும் நேர்மின்னோட்டத்தையும் தருகின்றன. வில் எரியாதபோது ராடின் முனையில் நிற்கும் வெற்று மின்னழுத்தம் 80 வோல்ட் வரை இருக்கலாம். இது குறைவாகத் தோன்றினும், சித்திரை வெயிலில் வியர்வையில் நனைந்த உடலுக்கு ஆபத்தானது. ஈரமும் நெருக்கமும் உள்ள இடங்களில் மாறுமின்னோட்டப் பொறியின் வெற்று மின்னழுத்தம் 48 வோல்ட்டைத் தாண்டக் கூடாது எனப் பன்னாட்டுத் தரம் வரையறுக்கிறது.

வரலாறு

மின்வில்லைக் கொண்டு உலோகத்தை இணைக்கும் முறைக்கு உருசியப் பேரரசைச் சேர்ந்த நிக்கொலாய் பெனார்தோசு 1880களில் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்தியது கரிம மின்வாய். உருகி இணைப்பில் சேரும் உலோக மின்வாயை நிக்கொலாய் சிலாவியானோவ் 1888இல் பயன்படுத்தினார். மின்வாய்க்குப் பூச்சு இட்டவர் சுவீடனின் ஒசுக்கர் செல்பெரி. 1904இல் அவர் தொடங்கிய நிறுவனமே ஈசாபு ஆகும். இன்று தெருமுனைப் பட்டறையில் எரியும் ராடு அடிப்படையில் அவருடைய ராடுதான்.

தமிழ்நாட்டில் பற்றவைப்பு பெருந்தொழிலாக வளர்ந்த இடம் திருச்சிராப்பள்ளி. பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் எழுந்தன. அங்கேயே 1975இல் பற்றவைப்பு ஆய்வு நிறுவனம் நிறுவப்பட்டது.

ஒரு சன்னல் கம்பி

எடுத்துக்காட்டாக, 1.2 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் உயரமும் உள்ள சன்னல் ஒன்றைக் கொள்வோம். சுற்றுச்சட்டத்திற்கு 25 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பட்டை 4.8 மீட்டர் தேவை. இதன் எடை சுமார் 4.7 கிலோ. உள்ளே பத்துச் சென்டிமீட்டருக்கு ஒன்றாக 11 கம்பிகள் நிறுத்தப்படும். 10 மில்லிமீட்டர் சதுரக் கம்பி மீட்டருக்கு 0.785 கிலோ எடை கொண்டது. 13.2 மீட்டருக்குச் சுமார் 10.4 கிலோ. ஆக மொத்தம் 15 கிலோ. கிரில் பட்டறைகள் பலவற்றில் விலை கிலோக் கணக்கில் சொல்லப்படுவதால், இக்கணக்கு தெரிந்த வீட்டுக்காரர் ஏமாறுவதில்லை. உருண்டைக் கம்பிக்கு இதைவிட எளிய கணக்கு உண்டு. மில்லிமீட்டரில் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு இது 0.89 கிலோ ஆகும்.

புதிதாகப் பழகுபவரைத் திணறச் செய்வது ராடு பிடிப்பதைக் காட்டிலும் சட்டம் கோணிப் போவதே. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கித் தன்பக்கம் இழுக்கிறது. ஒரு மூலையை முழுதாகப் பற்றவைத்துவிட்டு மறு மூலைக்குச் சென்றால், கடைசி மூலை சேராது. ஆகவே நான்கு மூலைகளிலும் முதலில் பொட்டு வைக்கப்படுகிறது. பின் இரண்டு மூலைவிட்டங்களும் அளக்கப்படும். மேற்கூறிய சன்னலில் இரண்டும் 1.697 மீட்டர் இருக்க வேண்டும். ஒன்று நீண்டும் மற்றது குறைந்தும் இருந்தால், சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய இதுவே தருணம். அதன்பின்னரே எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி முழுப்பற்று இடப்படும்.

வெட்டவும் தேய்க்கவும் பயன்படும் கைக் கிரைண்டர் நிமிடத்திற்குச் சுமார் 11,000 முறை சுழல்கிறது. 100 மில்லிமீட்டர் தட்டின் விளிம்பு அவ்வேகத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. கைக்கு மறைக்கிறது என்று அதன் காப்புத் தகட்டைக் கழற்றி வைப்பது பல பட்டறைகளில் காணப்படும் வழக்கம். தட்டு உடைந்தால் துண்டுகள் அதே வேகத்தில் முகத்தை நோக்கி வரும்.

கண்ணும் புகையும்

மின்வில் புற ஊதாக் கதிர்களை வெளியிடுகிறது. பாதுகாப்பின்றி அதனைப் பார்ப்பவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் நீர் வடிதலும் தொடங்கும். கருவிழியின் மேற்பரப்பு வெந்துபோவதே இதற்குக் காரணம். வழக்கமாக ஓரிரு நாளில் குணமாகிவிடும். உருளைக்கிழங்குச் சீவலைக் கண்மேல் வைத்துக் கட்டுவது, தாய்ப்பால் விடுவது போன்ற கைவைத்தியங்கள் நாட்டில் உண்டு. குளிர்ச்சி சற்று இதமளிக்கலாம். ஆனால் திறந்த புண்ணாயிருக்கும் கருவிழியில் கண்டதை இடுவது தொற்றுக்கு வழி வகுக்கும். மரப்புச் சொட்டு மருந்தைத் தொடர்ந்து இடுவதும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

100 ஆம்பியர் அளவிலான வேலைக்கு 10ஆம் அல்லது 11ஆம் எண் கருங்கண்ணாடி தேவை. வெயிலுக்கு அணியும் கண்ணாடி இதற்கு ஈடாகாது. கைக்கேடயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பொட்டு வைக்கும் பழக்கமும் போதுமானதன்று. வீட்டுப் பட்டறையில் ஆபத்து பற்றவைப்பவருக்கு மட்டுமன்று. நீல ஒளியைக் காண ஓடிவரும் சிறுவர்களும், முற்றத்தில் பாத்திரம் துலக்குபவர்களும் அதே கதிர்களைப் பெறுகின்றனர். ஆலையில் இவர்கள் அருகே இருப்பதில்லை. வீட்டில் இருக்கிறார்கள். எனவே முதலில் வாங்க வேண்டியது நல்ல மறைப்புத் திரை எனலாம்.

துத்தநாகப் பூச்சிட்ட ஜிஐ குழாயைப் பற்றவைப்பது மற்றோர் இடர். துத்தநாகம் 907 பாகை செல்சியசிலேயே கொதித்து வெண்புகையாகக் கிளம்பும். அதனைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். இது உலோகப் புகைக் காய்ச்சல் எனப்படும். பால் குடித்தால் வராது என்பது பட்டறைகளில் நிலவும் நம்பிக்கை. புகை செல்வது நுரையீரலுக்கு, பால் செல்வது இரைப்பைக்கு. இணைப்பின் இருபுறமும் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுவதும், காற்று முதுகுப்புறமிருந்தன்றிப் பக்கவாட்டில் வீசுமாறு நிற்பதுமே பயன் தரும். எவர்சில்வரைப் பற்றவைக்கும்போது எழும் புகையில் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் சேர்மங்கள் உள்ளன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் பற்றவைப்புப் புகை முழுவதையுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதற்பிரிவில் சேர்த்தது.

பருத்தியும் தீயும்

பற்றவைப்பவர் அணிய ஏற்ற துணி பருத்தியே. பொறி பட்டால் அது கருகித் துளையாகும். பாலியெசுட்டர் போன்ற செயற்கை இழை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆயினும் எல்லாப் பருத்தி ஆடையும் ஒன்றன்று. கையில்லாப் பனியனுடன் வேலை செய்பவரின் தோளும் கழுத்தும் புற ஊதாக் கதிரால் வேகின்றன. மெல்லிய பின்னல் துணியின் கண்கள் வழியாகவும் அக்கதிர் ஓரளவு நுழையும். நெருக்கமாக நெய்த, முழுக்கை வைத்த தடித்த பருத்திச் சட்டையே தகுந்தது.

உடலைக் காக்கும் அதே பருத்தி, தரையில் கிடந்தால் எரிபொருளாகிறது. பின்னல் எந்திரங்களைச் சுற்றிப் பஞ்சுத் தூசி படிகிறது. சட்டங்களின் மேலும், மின்விளக்குகளின் மேலும், கூரை இடுக்கிலும் அது தங்குகிறது. ஆலைக்குள்ளேயே வந்து ஒரு மேசைக் காலைப் பற்றவைத்துக் கொடுக்குமாறு பட்டறைக்காரர் அழைக்கப்படும்போது, பொறிகள் இத்தூசியின் மேல் விழுகின்றன. பருத்தி உடனே சுடர் விடாமல் உள்ளே கனலக் கூடியது. மூட்டைக்குள் புகுந்த பொறி பல மணி நேரம் புகையின்றிக் கனன்று, வேலை முடிந்து அனைவரும் சென்றபின் தீயாகலாம். எண்ணெய் தோய்ந்த துடைப்புத் துணிக்குவியலும் இவ்வாறே ஆபத்தானது.

இதற்கென அமெரிக்கத் தீத்தடுப்புத் தரம் ஒன்று வழி கூறுகிறது. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி ஏறத்தாழ 11 மீட்டருக்குள் எரியும் பொருள் இருக்கக் கூடாது. அகற்ற இயலாதவற்றைத் தீப்பற்றாத போர்வையால் மூட வேண்டும். வேலை முடிந்தபின் ஒருவர் குறைந்தது ஒரு மணி நேரம் அங்கேயே காவலிருக்க வேண்டும். இக்காவல் நேரம் முன்பு அரை மணியாக இருந்து பின்னர் உயர்த்தப்பட்டது. அவசர ஏற்றுமதிக் காலத்தில் ஒரு மணி நேரம் ஒருவரைச் சும்மா உட்கார வைப்பது வீணாகவே தோன்றும். சட்டத்தைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துச் சென்று பற்றவைப்பதே பெரும்பாலும் மலிவான வழி.

எண்ணெய் அல்லது தின்னர் இருந்த பழைய இரும்புப் பீப்பாயை வெட்டித் தொட்டியாக்குவதும் இதே வகை இடராகும். காலியாகத் தோன்றும் பீப்பாயில் எஞ்சிய ஆவி, வெட்டும் பொறியால் வெடிக்கும். மூடியைத் திறந்து வைப்பது மட்டும் போதாது.

பயிற்சியும் எல்லையும்

பற்றவைப்பு பெரும்பாலும் பட்டறையில் உடனிருந்தே கற்கப்படுகிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இணைப்பின் அழகில் தெரிவதில்லை. மேலே சீராகப் படிந்த பற்று, உள்ளே ஊடுருவாமல் வெறுமனே ஒட்டியிருக்கலாம். சன்னல் கம்பியில் இதனால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் சாயப்பட்டறைகளில் நீராவி தரும் கொதிகலனும் அதன் குழாய்களும் வேறு. 1923ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் சட்டத்தின்கீழ் 1950இல் வகுக்கப்பட்ட ஒழுங்குமுறைகள், அவ்வேலைக்குத் தேர்வு பெற்ற பற்றவைப்பாளரையே வேண்டின. அச்சட்டத்திற்குப் பதிலாக 2025இல் புதிய கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டது. கசியும் நீராவிக் குழாய்க்கு ஒரு பொட்டு வைத்துத் தருமாறு கிரில் பட்டறையை அழைப்பது சட்டப்படியும் பொறியியல்படியும் தவறாகும்.